கப்பலால் இறங்கி நடந்தால்: பலெர்மோவில் ஓர் ஞாயிற்றுக்கிழமை

போன மாதம் எழுதாமல் விட்டதற்கு முதலில் மன்னிப்பு. விடுமுறைக்குப் போயிருந்தோம். வந்த பிறகு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள்: "குறூஸ் போனீங்களாம், காசு அநியாயமோ? கரையில் இறங்கினால் அவங்கட பஸ்ஸிலதான் போகவேணுமோ?" பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று பார்த்தேன்.

இரண்டாவது கேள்விக்கு நேரடிப் பதில்: இல்லை. மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் பலவற்றில் கப்பல்காரர் விற்கிற சுற்றுலா இல்லாமலே நீங்களாக இறங்கி நடக்கலாம். ஆனால் எல்லாத் துறைமுகமும் ஒன்றல்ல. ரோம் என்று அட்டவணையில் போட்டிருக்கும், கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் வேண்டும். புளோரன்ஸ் என்பார்கள், நிற்பது லிவோர்னோவில். சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ அப்படியில்லை. கப்பல் நகரத்தின் வாசலிலேயே நிற்கும். இறங்கி வீதியைக் கடந்தால் ஊர்தான்.

எங்களுக்குப் பலெர்மோ இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

நான் பிறந்து ஏழாம் மாதம் அப்பா நாட்டை விட்டு வெளிக்கிட்டார். ஜேர்மனிக்கு வருவதற்கு முதல் இரண்டரை வருடம் இத்தாலியில் இருந்தார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், "வேலை செய்தனான்" என்பார். அவ்வளவுதான். அவர் போய் நாலு வருடமாகிறது. போன மாசியில் அம்மாவின் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது நீலக் கடிதங்கள் வந்தன. பலெர்மோ, 1988. ஒரு வீட்டில் வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: "இஞ்ச மலையில ஒரு அம்மாள் இருக்கிறா. ஞாயிறு லீவு. நடந்து போய்க் கும்பிட்டிட்டு வாறனான். உங்கள் ரெண்டு பேருக்கும்தான் நேர்த்தி."

அம்மா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், "தம்பி, அந்த மலை எங்க இருக்கு எண்டு உன்ர போனில பார்க்கேலுமோ?" என்று கேட்டா.

குறூஸ் போட்டது அப்படித்தான். பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகம், மனைவிக்கு ஒரு கிழமை சமைக்காத சந்தோசம், அம்மாவுக்கு பலெர்மோ. அட்டவணையில் பலெர்மோ ஞாயிற்றுக்கிழமை விழுகிற பயணமாகப் பார்த்து எடுத்தேன்.

நான் மென்பொருள் வேலை செய்கிறவன். எக்ஸெல் திறக்காமல் வீட்டுக்குப் பால்கூட வாங்கமாட்டேன் என்று மனைவி பகிடி பண்ணுவா. இதற்கும் திறந்தேன். கப்பல் காலை எட்டுக்குக் கட்டும். எல்லோரும் மாலை ஐந்துக்குள் ஏறியிருக்கவேண்டும். வரிசை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் கழித்தால் கையில் எட்டு மணித்தியாலம். அதில் பழைய நகரத்தில் ஆறு இடம், மத்தியானச் சாப்பாடு, பிறகு மலைக்கு பஸ். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிடம் பஃபர். அம்மாவுக்கு அறுபத்தெட்டு, இடது முழங்கால் சரியில்லை. ஆகவே மலை ஏறுவது என் அட்டவணையில் இல்லை.

மனைவியும் சின்னவனும் கப்பலிலேயே நின்றுவிட, அம்மா, பதினொரு வயது மகள், நான் மூன்று பேரும் எட்டரைக்கு இறங்கினோம். துறைமுக வாசலில் ரக்சிக்காரர், குதிரைவண்டிக்காரர் எல்லாம் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு நேரே நடவுங்கள். எமெரிகோ அமாரி வீதி பத்து நிமிடத்தில் பொலிதெயாமா அரங்கின் முன்னால் கொண்டுபோய் விடும். இடப்பக்கம் திரும்பி இன்னும் பத்து நிமிடம் நடந்தால் தெயாத்ரோ மாசிமோ. 1897இல் திறந்த, இத்தாலியின் மிகப் பெரிய ஒபேரா மண்டபம். அதைத் தாண்டி மக்குவேதா வீதியில் இன்னும் பத்து நிமிடம் போனால் குவாத்ரோ காந்தி என்கிற நாற்சந்தி. மூலைக்கு ஒரு கட்டடமாக நாலு கட்டடம், நாலிலும் சிலைகள். அரை மணித்தியால நடையில் நகரத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். ஏற்றம் பெரிதாக இல்லை, முழங்காலுக்கும் பிரச்சினை இல்லை.

நாற்சந்தியிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரத்தில் பேராலயம். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதற்கு முதல் அந்த இடத்தில் பள்ளிவாசல் இருந்தது. தெற்கு வாசல் மண்டபத்துத் தூண் ஒன்றில் குர்ஆன் வரிகள் செதுக்கியபடியே இன்றைக்கும் நிற்கின்றன. அரபுக்காரர் ஆண்ட ஊர், பிறகு நோர்மன் அரசர் ஆண்ட ஊர். ஒருவர் கட்டியதை மற்றவர் முழுக்க இடிக்காமல் மேலே மேலே கட்டியிருக்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ இந்த அரபு-நோர்மன் கட்டடங்களை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உள்ளே பூசை நடந்ததால் பின்னால் நின்றோம். சாந்தா ரொசாலியாவின் எலும்புகளை வைத்திருக்கிற வெள்ளிப் பேழை இந்தக் கோவிலில்தான் இருக்கிறது. கதை இதுதான். ரொசாலியா 12ஆம் நூற்றாண்டில் பிரபு குடும்பத்தில் பிறந்து, வீட்டை விட்டுப் போய், பெல்லெகிரீனோ மலைக் குகையில் தனியாகத் தவம் இருந்து இறந்தவ. 1624இல் ஊரைப் பிளேக் நோய் அடித்துக்கொண்டிருக்கும்போது மலையில் எலும்புகள் கிடைத்தன. அடுத்த வருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவர நோய் நின்றது என்பது அவர்களின் நம்பிக்கை. அன்றிலிருந்து ஊரைக் காப்பவ அவதான். வருடா வருடம் ஜூலை 14 இரவு நகரத்துக்குள் பெரிய தேர் வரும். செப்டெம்பர் 4ஆம் திகதியை ஒட்டி சனம் இரவிரவாக மலைக்கு நடக்கும்.

"தேரும் இருக்கோ?" என்றா அம்மா. முகம் மாறிவிட்டது.

பேராலயத்தால் வெளியே வந்து பல்லாரோ சந்தைக்குள் இறங்கினோம். வாள்மீனும் கத்தரிக்காயும் ஒலிவ் காயும் கூவி விற்கிற சத்தம் திருநெல்வேலிச் சந்தையை நினைப்பூட்டியது. சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு சின்னக் கடை வாசலில் முருங்கைக்காய்க் கட்டு! உள்ளே மேசைக்கு மேலே பிள்ளையார் படம், பக்கத்தில் ரோசாப்பூ முடி வைத்த ஒரு பெண்ணின் படம். ரொசாலியா.

கடை அக்கா எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். "எந்த ஊர்?"

அம்மா கரவெட்டி என்றா. கடை அக்கா பருத்தித்துறை. பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து எங்கட சனம் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தது, அநேகமானோர் வீட்டு வேலைக்குத்தான் போனது, பிறகு பிள்ளைகள் இங்கேயே பிறந்து படித்தது எல்லாம் அந்தப் பத்து நிமிடக் கதையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடக்கிற பழக்கம் சைவக்காரருக்கும் இருக்கிறது, வேதக்காரருக்கும் இருக்கிறது. "வந்த காலத்தில எங்களுக்கு எண்டு கோவில் ஏது தம்பி? மலையில அம்மாள் இருந்தா. போனம்."

அம்மா என்னைப் பார்த்தா. "பஸ் வேண்டாம். நான் நடக்கப் போறன்."

நான் முழங்காலைச் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன். எக்ஸெலைக்கூடச் சொன்னேன். அம்மா சொன்னா: "ஊன்ட்றொப்பில தேருக்கு வெறுங்காலோட சுத்துறனான். அப்ப நீ ஒண்டும் சொல்லுறேல்லையே."

அது உண்மைதான். எங்கட ஹம் நகரத்து ஊன்ட்றொப் கோவிலைத் தெரியாதவர் இதை வாசிப்பவர்களில் குறைவு. 2002இல் கும்பாபிஷேகம் கண்ட காமாட்சி அம்பாள். சுற்றிவரத் தொழிற்சாலைகளும் பாரவூர்தி வீதிகளும். தேர் அந்த வீதிகளில்தான் ஓடுகிறது, தீர்த்தம் பக்கத்துக் கப்பல் கால்வாயில் நடக்கிறது. அங்கே வெயில் தாரில் நடக்கிற அம்மாவை நான் மறித்ததேயில்லை.

மிச்ச மூன்று இடத்தையும் அட்டவணையில் அழித்தேன். மகள்தான் அழித்தவள், என் போனைப் பறித்து.

மலையடிக்கு ரக்சியில் போனோம். கஸ்சீனோ சதுக்கத்தில் பழைய பாதை தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் யாத்திரீகருக்காகக் கல் பதித்துக் கட்டிய அகலப் பாதை. மலையில் வளைந்து வளைந்து ஏறும், புது வீதியை இடையிடையே குறுக்கே வெட்டும். சந்நிதி நானூறு மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. நல்ல நடைகாரர் ஒரு மணித்தியாலத்தை ஒட்டி ஏறிவிடுவார். நாங்கள் பதினொன்றுக்குத் தொடங்கி ஒன்று பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். அம்மா இருபது இடத்திலாவது நின்றிருப்பா. நிற்கிற ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தால் கீழே நீலக் கடலும் துறைமுகமும் எங்கட கப்பலும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சின்னதாக. எங்களைத் தாண்டிப் போன தமிழ்க் குடும்பம் ஒன்று சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறியது. அதற்குப் பிறகு அம்மாவின் செருப்பும் என் பைக்குள் வந்துவிட்டது.

ஒரு வளைவில் கல்லில் குந்தியிருந்து அம்மா கேட்டா: "இவர் தனியத்தான் ஏறியிருப்பார், என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மகள்தான் சொன்னாள், "இல்லை அப்பம்மா, முன்னுக்குப் போறவையைப் போல ஆக்களோட போயிருப்பார்." அம்மா தலையாட்டினா.

சந்நிதி வெளியே பார்த்தால் ஒரு மடத்துச் சுவர். உள்ளே போனால் மேலே கூரை இல்லாத முன்றில், அதற்கு அப்பால் குகை. பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகின்றன. கண்ணாடிக்குப் பின்னால், பொன்னாடை போர்த்த பளிங்குச் சிலையாக ரொசாலியா சாய்ந்து கிடக்கிறா. 1787இல் ஜேர்மன் கவிஞர் கோதே இங்கே வந்து, இந்தக் குகையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மகளுக்கு அதைச் சொன்னேன். "அப்ப கோதேயும் வந்தவர், அப்பப்பாவும் வந்தவர்," என்றாள்.

அம்மா நீலக் கடிதத்தைக் கொண்டுவந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றா. அழவில்லை. போகும்போது, "நேர்த்தி தீர்ந்துது" என்று மட்டும் சொன்னா.

இனி என் பிழைக்கு வருகிறேன். இதை வாசித்துவிட்டு வெளிக்கிடுகிறவர்களுக்கு இதுதான் தேவை. ஏறுவதை மாற்றியபோது, இறங்குவதை நான் மறுபடி கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு இருபதுக்கு பஸ் என்று நம்பியிருந்தேன். ஞாயிறு நேரசூசி வேறு. மூன்றாகியும் வரவில்லை. ரக்சி கூப்பிட்டால் எடுப்பாரில்லை. இறக்கத்தில் நடந்தால் அம்மாவின் முழங்கால் முடிந்துவிடும். கீழே கப்பல் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. கப்பல்காரரின் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்ப் பிந்தினால் காத்திராது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய் ஏறவேண்டும். எனக்கு வேர்த்துவிட்டது.

செருப்பில்லாமல் ஏறிய அந்தக் குடும்பத்தின் தகப்பன் மேலே காரில் வந்து சேர்ந்திருந்தார். பிள்ளைகளைச் சொந்தக்காரரின் வண்டியில் ஏற்றிவிட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, துறைமுகத்தில விடுறன்" என்றார். மூன்று ஐம்பதுக்கு வாசலில் நின்றோம். பெற்றோல் காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

எல்லா மலையிலும் அப்படி ஒரு அண்ணை நிற்கமாட்டார். ஆகவே இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்பல் எந்தத் துறைமுகத்தில், ஊருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, திரும்பி வருகிற வழியை முதலில் உறுதிப்படுத்துங்கள், போகிற வழி தானாக வரும். தூரமான இடத்துக்கு முதலில் போய், துறைமுகத்துக்குக் கிட்டவுள்ளதைக் கடைசிக்கு வையுங்கள். நான் செய்தது தலைகீழ். மூன்றாவது, உங்கள் மணிக்கூடு கப்பல் நேரத்தில் இருக்கட்டும். நாலாவது, கபின் தாளில் இருக்கிற துறைமுக முகவரின் இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஐந்தாவது, அடையாள அட்டை, விசா அட்டை கையில் இருக்கவேண்டும். அம்மாமாருக்கு இன்னும் இலங்கைப் பாஸ்போட் என்றால் இது மிக முக்கியம்.

கப்பலில் திரும்பி ஏறியதும் மனைவி எத்தனை இடம் பார்த்தீர்கள் என்று கேட்டா. ஆறில் மூன்று என்றேன். அம்மா கால் இரண்டையும் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, "எல்லாம் பார்த்தாச்சு" என்றா.

இந்த முறை ஊன்ட்றொப் தேருக்கு அம்மாவோடு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதாக இருக்கிறேன். அங்கே கண்டால் கதையுங்கள்.