அரசமரத்தை அவள் மட்டும் ஏன் சுற்றவேணும்?

போன மாதம் வில்லுக்குப் பக்கத்தில் ஒரு சாமத்தியவீடு. எனக்கு முன்மேசையில் கல்யாணம் முடித்து நாலு வருசமான ஒரு சோடி. ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று அன்ரிமார் வந்து அந்தப் பெண்ணின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏதும் விசேஷம் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவன் மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மலடி என்ற சொல்லை எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள்? மலடன் என்பதை? அகராதியில் இருக்கிறது, வாயில் வராது.

இது சுவிஸ். இங்கே கணக்கு இருக்கிறது. 2005 முதல் 2017 வரை இராணுவத் தெரிவுக்கு வந்த 18 முதல் 22 வயதுப் பெடியள் 2,523 பேரின் விந்தணுவை ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது. எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றிலும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவைத் தொட்டவர்கள் 38 வீதம்தான். 17 வீதமானவர்களுக்கு ஒரு மில்லிலீற்றரில் 15 மில்லியன்கூட இல்லை. மிச்சப்பேர் எல்லாரும் அப்பாவாக முடியாது என்று அர்த்தமில்லை. அப்படிச் சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள். ஆனால் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சோதிக்காமலே சொல்ல, இனி ஒருவருக்கும் உரிமையில்லை. சிவப்புப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்கட பெடியளும் அதே தெரிவுக்குத்தான் போகிறார்கள்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். இன்று பிடிக்கும் சிகரெட்டின் கணக்கு இரண்டரை மாதம் கழித்து வரும். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவது சும்மா இல்லை, அதற்குச் சூடு குறைவாக வேண்டும். சூரிச் ரயிலில் மடியில் லப்டொப்பை வைத்து வேலை செய்யும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைவிட மோசம் ஜிம். தோள் அகலவேணும் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவனுக்குத் தெரியாத விசயம் இதுதான்: வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் மூளை, "உள்ளே போதுமான அளவு இருக்கிறது" என்று கணக்குப் போட்டு விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அப்படியே படுத்துவிடும். ஊசியை விட்டாலும் திரும்ப எழும்ப மாதக்கணக்காகலாம், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும். ஆம்பிளையாகத் தெரிவதற்காக அப்பாவாகும் வாய்ப்பைக் கொடுக்கிற வியாபாரம் அது.

கரு தங்கினால் ஆணின் பங்கு முடிந்தது என்றும் இல்லை. அப்பாவின் வயது கூடக் கருச்சிதைவு ஆபத்தும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கேயும் பழி அவளுக்குத்தான்: படி ஏறினாளாம், பப்பாப்பழம் சாப்பிட்டாளாம்.

என் வேலையில் இரண்டு சேர்வர்கள் பேசிக்கொள்ளவில்லை என்றால் ஒன்றை மட்டும் கழற்றிப் பார்க்கிறவனை அடுத்த நாள் வேலைக்கு வைத்திருக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு இரத்தம், ஸ்கான், குழாய்ப் பரிசோதனை, லப்ரஸ்கோபி, விரதம், நேர்த்தி எல்லாம் மூன்று வருசம் நடந்தது. அண்ணர் ஒரு சின்னப் போத்தலை நிரப்பிக் கொடுக்க வெட்கப்பட்டார். கடைசியில் கொடுத்தார். காரணம் அந்தப் போத்தலில்தான் இருந்தது. அதற்குள் அக்காவுக்கு 38 வயது. சோதனைக்குழாய் முறைக்கு இங்கே அடிப்படைக் காப்புறுதி ஒரு சதமும் தராது.

தம்பிமார், ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டிடம் போய்க் கேளுங்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. அடுத்த சாமத்தியவீட்டில் அன்ரி வந்தால், அவளுக்கு முதல் நீங்கள் வாயைத் திறவுங்கள்.