நாளுக்கொரு வினா

வினா எழுப்புதல் நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் விடுகதையைப் 'பிசி' எனப் பெயரிட்டு இலக்கிய வகைகளுள் ஒன்றாக வைத்தார். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா', அப்துல்லாஹ் இப்னு ஸலாம் வினவ, நபிகள் நாயகம் (ஸல்) விடையளிப்பதாக அமைந்தது. இன்றோ வினாடி வினா, தலைநகரங்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்யும் போட்டியாய்ச் சுருங்கிவிட்டது.

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டை எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள பள்ளிக் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு வினா எழுதுவதாயின், அது எதுவாக இருத்தல் வேண்டும்? மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்பது வழிப்போக்கரின் வினா. 70 என்ற விடையோடு அது முடிந்துவிடும். உன் பாட்டி விதைத்த சாமையின் பெயர் என்ன என்பதே மலைமக்களின் வினா. அதன் விடையைப் பொது அறிவுக் கையேட்டில் தேடிப் பயனில்லை; மாணவன் வீடு சென்று மூத்தோரிடம் கேட்டாக வேண்டும்.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த அம்மலை நிலங்களில் மரவள்ளி பரவியபின், பழைய வித்துகள் அருகிவிட்டன. வித்தோடு பெயரும், பெயரோடு சமையற் பக்குவமும் மறைகின்றன. அறிந்தோர் இருக்கும்போதே கேட்டுவைத்தல் நம் கடனாகும்.

எனவே ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறோம்: நாளுக்கொரு வினா போதும், பரிசும் வேண்டா. அதன் விடை ஊர்ப் பெரியவர் ஒருவரின் நாவிலிருந்து வருவதாக அமையட்டும்.