ஆட்டுக்கல்லுக்கு ஓய்வு

சமையல் அறையில் நிற்கும் எந்திரங்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆயுத பூஜை அன்று ஒரு பொட்டு வைக்கிறார்கள். அத்தோடு சரி!

மற்ற நாட்களில் அவை கண்ணில் படுவதே கிடையாது. மின்சாரம் நின்றுவிட்டால்தான் அருமை தெரிகிறது. "மிக்சி ஓடாதே, சட்னிக்கு என்ன செய்வது?" என்று வீடே கலங்கிவிடுகிறது.

வேலைக்குப் போகும் தாய்மார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். காலை 5 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். 8 மணிக்குள் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, தானும் பஸ் பிடிக்க வேண்டும். குக்கரும் மிக்சியும் கேஸ் அடுப்பும் இல்லாவிட்டால் இது நடக்கிற காரியமா?

இந்தப் பொருள்களைச் செய்து கொடுத்தவர்கள் யார்? அவர்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் எங்கே போயிற்று? இரண்டுமே யோசித்துப் பார்க்க வேண்டிய கேள்விகள்.

கல்லும் குழவியும்

ஒரு காலத்தில் மாவு அரைப்பது என்றால் அது ஒரு பெரிய வேலை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, ஆட்டுக்கல் முன்னால் உட்கார வேண்டும். வலது கை குழவியைச் சுற்றும். இடது கை மாவைத் தள்ளிவிடும். உளுந்தைத் தனியாக ஆட்ட வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பொங்கி வரும் வரை ஆட்ட வேண்டும். பிறகு அரிசி. முடித்து எழுந்திருக்கும்போது தோள் கழன்றுவிடும் போல இருக்கும். அதற்குப் பிறகு கல்லைக் கழுவ வேண்டும்!

அதனால்தான் பல கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிப் பலகாரமாக இருந்தன. அரிசியும் உளுந்தும் வாங்கப் பணம் வேண்டும் என்பது ஒரு காரணம். ஆட்டுவதற்குக் கை வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

அந்தக் கைக்கு ஓய்வு கொடுத்தது கோவை நகரம். 1955-ம் ஆண்டில் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரைச் செய்தார். கோவையில் அது பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. அது மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர். இந்தியாவிலேயே தயாரான முதல் மின்சார மோட்டார், 1937-ல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் அந்த ஊரில்தான் உருவானது.

கிரைண்டரின் சூட்சுமம் மிக எளிது. கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுற்றும். பழைய கிரைண்டரில் குழவி ஓர் இடத்தில் நிற்கும், கல் சுற்றும். அவ்வளவுதான்! கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு அதிகம் சூடாவதில்லை. மிக்சியில் பிளேடு வேகமாகச் சுழலும். மாவு சூடேறும். கிரைண்டர் மாவில் இட்லி பஞ்சு போல வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்த கிரைண்டர்கள் பெரியவை. பிறகு சாய்த்து மாவை எடுக்கும் வகை வந்தது. அதன் பிறகு மேஜை மேல் வைக்கும் சிறிய வகை. கல்யாணச் சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு கிரைண்டரும் சேர்ந்துகொண்டது. வாங்க முடியாத வீடுகளுக்கு அரசே கொடுத்தது. தமிழ்நாட்டில் 2011-ல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கியது. "ஓட்டுக்காகக் கொடுத்தார்கள்" என்று குறை சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்கள்?

மனைவி கேட்ட மிக்சி

மிக்சிக்கும் ஒரு கதை உண்டு. 1960-களில் பம்பாயில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயர் இருந்தார். அவருடைய மனைவி மாதுரியிடம் ஒரு வெளிநாட்டு எந்திரம் இருந்தது. அது பழச்சாறு பிழியலாம். மஞ்சளையும் ஊறவைத்த பருப்பையும் அதில் போட்டால் தாங்குமா? மோட்டார் போய்விட்டது. "நம் ஊர்ச் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி நீங்களே ஒன்று செய்து கொடுங்கள்" என்று கணவரிடம் கேட்டார் அந்த அம்மையார். செய்தார் கணவர். அதுதான் 'சுமீத்' மிக்சி. சமைக்கிறவர் கேட்டு, செய்யத் தெரிந்தவர் காது கொடுத்ததால் வந்த பொருள் அது.

குக்கர் இவற்றை எல்லாம்விட மூத்தது. பாத்திரத்தை இறுக மூடி, ஆவியை அடைத்து வேக வைக்கும் முறையை 1679-ல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் லண்டனில் கண்டுபிடித்தார். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை ஏறும். பருப்பு சீக்கிரம் வெந்துவிடுகிறது. கேஸும் மிச்சம். ஆனால் விசில் வரும் துவாரத்தில் அடைப்பு இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த பொருள்கள் மட்டும்தானா? பித்தளைக் குடத்தை இடுப்பில் சுமந்தவர்களுக்கு பிளாஸ்டிக் குடத்தின் அருமை தெரியும். தாலிக்கொடியிலும் வளையலிலும் தொங்குகிறதே ஊக்கு, அது இல்லாமல் எந்தத் தாய் வெளியே கிளம்புகிறாள்? பிள்ளையின் சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு. செருப்பு வார் அறுந்தால் ஊக்கு. இப்போதுள்ள ஊக்கைச் செய்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த வால்டர் ஹண்ட். 15 டாலர் கடனை அடைக்க வழி தேடிக் கம்பியை வளைத்து, 1849-ல் காப்புரிமை பெற்று, அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். பாவம், லாபம் எல்லாம் வேறு யாருக்கோ!

மிச்சமான நேரம் எங்கே?

இனி அடுத்த கேள்விக்கு வரலாம்.

மத்திய அரசு 2019-லும் 2024-லும் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கு எடுத்தது. சமைப்பது, துவைப்பது, வீடு கூட்டுவது போன்ற சம்பளம் இல்லாத வேலைகளுக்கு, அவற்றைச் செய்யும் பெண்கள் 2019-ல் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். 2024-ல் அது 289 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் குறைந்தது பத்தே நிமிடம்!

அந்த வேலைகளைச் செய்யும் ஆண்களுக்கோ 2019-ல் 97 நிமிடம். 2024-ல் 88 நிமிடம். அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

எந்திரம் பெருகியும் வேலை ஏன் குறையவில்லை? ஆட்டுக்கல் காலத்தில் தீபாவளிக்கு வந்த இட்லி, கிரைண்டர் வந்த பிறகு தினமும் வேண்டும் என்று ஆயிற்று. துவைக்கும் எந்திரம் வந்ததும் ஒரு தடவை போட்ட சட்டையும் அழுக்குக் கூடைக்குப் போகிறது. மிக்சி இருப்பதால் ஒரு சட்னி போதவில்லை, இரண்டு கேட்கிறார்கள். எந்திரம் கொடுத்த நேரத்தைக் குடும்பம் சாப்பிட்டுவிட்டது. அம்மாவுக்கு வந்து சேரவில்லை.

கிரைண்டரின் விசையைத் தட்டுவதற்கு உடம்பில் பலம் தேவை இல்லை. பத்து வயதுப் பையனாலும் முடியும். குக்கர் மூன்று விசில் அடித்ததும் அடுப்பை அணைப்பதற்கு அப்பாவுக்குப் பயிற்சி எதுவும் வேண்டாம். "ஆட்டுக்கல் பெண்கள் வேலை" என்று சொன்ன காலத்தில் அதற்கு ஏதோ ஒரு சாக்கு இருந்தது. விசையைத் தட்டுவதற்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆனாலும் மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் அம்மாதான். மாவை வழித்து எடுப்பதும் அவர்தான். கனமான கல்லைத் தூக்கிக் கழுவுவதும் அவர்தான்.

வாரத்துக்கு வேண்டிய மாவைப் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அரைக்கிறார்கள். அரிசியும் உளுந்தும் மத்தியானமே ஊறத் தொடங்கிவிடும். கல்லைக் கழுவ இன்னொரு கை சேர்ந்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.