உரிமம் வேண்டா வண்டியும் ஒழுங்கு வேண்டும் சாலையும்

மிதிவண்டி ஏழை மாணவரின் கல்விக்குக் கால்கொடுத்த ஊர்தியாகும். பேருந்து எட்டாத சிற்றூர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அதன் துணையால்தான் பள்ளி வாயிலை மிதித்தனர். இன்று அம்மிதிவண்டியில் பேட்டரியும் சிறு மோட்டாரும் இணைந்து, மின் மிதிவண்டி என்னும் புதுவடிவம் தோன்றியுள்ளது. எதிர்க்காற்றிலும் மேட்டிலும் அது கால்களுக்குத் துணைநிற்கின்றது, புகை இல்லை, பெட்ரோல் செலவும் இல்லை. இவ்வரவை நாம் மனமார வரவேற்கின்றோம். ஆயினும், "லைசென்ஸ் தேவையில்லை, ஆகவே விதியும் இல்லை" என்றொரு எண்ணம் இவ்வண்டியோடு சேர்ந்தே பரவி வருவதைக் கண்டும் காணாதிருக்க இயலவில்லை.

சட்டம் உண்மையில் கூறுவது யாது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மிதித்துச் செல்லும் வண்டியாயின், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டும்போதோ, மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். தக்க பிரேக்கும், முன்புறம் வெண்ணிறத்திலும் பின்புறம் செந்நிறத்திலும் ஒளி எதிரொளிப்பான்களும் இருத்தல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் இவற்றையெல்லாம் சரிபார்த்துச் சான்றளித்தால்தான் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. இவ்வரம்பிற்குள் நிற்கும் வரையில்தான் ஓட்டுநர் உரிமம், பதிவு, காப்பீடு ஆகியவற்றினின்றும் விலக்கு. விலக்கு என்பது சட்டம் காட்டும் சலுகையே அன்றி, சட்டத்திற்கு அப்பாற்பட்ட நிலை அன்று.

கடைகளில் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருமாறு கேட்கும் இளைஞர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். கட்டுப்பாடு நீங்கிய அக்கணமே விலக்கும் நீங்குகின்றது. வண்டி மோட்டார் வாகனமாகின்றது. ஓட்டுபவர் உரிமமும் பதிவும் காப்பீடும் அற்றவராகின்றார். விபத்து நேருமாயின், இழப்பீட்டுச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். ஓட்டியவர் சிறுவராயின் நிலைமை இன்னும் கடுமையாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோர்க்கோ உரிமையாளர்க்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறுவர்க்கு 25 வயது நிறையும் வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பிள்ளையின் மீதுள்ள பாசத்தால் வாங்கித் தந்த வண்டி தந்தையை நீதிமன்றப் படியேற்றுமாயின், அப்பாசத்தின் பயன் என்ன?

விலக்குப் பெற்ற வண்டியை ஓட்டுபவரும் பொறுப்பினின்று தப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் எந்த வாகனத்தை ஆபத்து விளையும் வகையில் கண்மூடித்தனமாக ஓட்டினாலும் 6 மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. 'எந்த வாகனமும்' என்பதில் மிதிவண்டியும் அடங்கும்.

இதில் புதுமையொன்றும் இல்லை. சைக்கிளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் வரி விதித்து வில்லை வழங்கிய காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். இரவில் விளக்கின்றிச் சென்றாலும், ஒரே சைக்கிளில் இருவர் சென்றாலும் காவலர் தடுத்து நிறுத்திய காலம் அது. மோட்டார் இல்லாத வண்டிக்கே அன்று அத்தனை ஒழுங்கு வேண்டப்பட்டது. மோட்டார் வந்தபின் ஒழுங்கு தேவையில்லை என்பது எவ்வாறு பொருந்தும்?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். கண் கண்டு கை பிரேக்கை அழுத்துமுன் கழியும் ஒரு வினாடியில் வண்டி 7 மீட்டரைக் கடந்துவிடுகின்றது. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றலோ நான்கு மடங்காகின்றது. மேலும், இவ்வண்டி ஓசையின்றி வருவது. வைகறையில் பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் முதியவரும், செவியையே கண்ணாகக் கொண்டு தெருவைக் கடக்கும் பார்வையற்றவரும் அதன் வருகையை உணர்வதற்கு வழியில்லை. அவர்களுக்கு நம் மணியோசையும் நிதானமுமே பாதுகாப்பு.

அப்படியாயின் இவ்வண்டிக்கும் உரிமமும் பதிவும் கட்டாயமாக்கலாமே எனச் சிலர் கூறுவர். நாம் அதனை ஏற்கவில்லை. அலுவலகப் படிகளும் கட்டணமும் பெருகினால், முதலில் விலகி நிற்பவர் தொலைவூர் ஏழை மாணவரும் மாணவியருமே ஆவர். சலுகை நீடிக்கட்டும், ஆனால் சலுகையைக் காக்கும் ஒழுக்கமும் நிலைக்கட்டும் என்பதே நம் துணிபு. பலர் மீறும் சலுகையை எந்த அரசும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

எனவே, வண்டி வாங்கும் பெற்றோர் விலையைக் கேட்பதற்கு முன் சோதனைச் சான்றிதழைக் கேட்பாராக. சட்டம் வற்புறுத்தாவிடினும் தலைக்கவசத்தையும் உடன் வாங்குவாராக. கல்லூரிகள் தம் வண்டி நிறுத்துமிடத்தில் வேகக் கட்டுப்பாடு நீக்கிய வண்டிகளுக்கு இடம் மறுக்கட்டும். மாணவர்கள் இடப்புறமே செல்லவும், சிவப்பு விளக்கில் நிற்கவும், கைப்பேசியைப் பைக்குள் வைக்கவும் பழகட்டும். காவலர் இல்லாத நாற்சந்தியிலும் நின்று செல்பவரே கற்றவர் எனப்படுவார். அத்தகைய கற்றவரையே நம் வகுப்பறைகள் சாலைக்கு அனுப்ப வேண்டும்.