நான்-டீடெயிலை மதிப்பெண்ணிலிருந்து விடுவியுங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் 'நான்-டீடெயில்' தெரியும். ஆங்கிலத்தில் செய்யுள், உரைநடை போகக் கதைகளுக்கென்று ஒதுக்கிய பகுதி. சொல்லுக்குச் சொல் அலசாமல் கதையோட்டத்தில் படித்துப் போவதற்காக வைத்தது. இன்று கதையைப் படிக்கிறவர்கள் குறைவு. நோட்ஸைப் படிக்கிறவர்களே அதிகம். குலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தவும், குறிப்புகளை வைத்துப் பத்தி எழுதவும் ஒரு பக்கச் சுருக்கத்தை உருப்போட்டால் போதும். பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை, மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் நாலு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளத் திணறுகிறது என்றால், இலக்கணத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கையிருப்பில் சொல் இல்லை.

இந்தக் குறையை நூறு வருடங்களுக்கு முன்பே கண்டவர், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசிப்பைப் பற்றி 1926-இல் புத்தகமே எழுதினார். அன்றைய வாசக நூல்களில் புதுச் சொற்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒருமுறை வந்த சொல் திரும்ப வரவில்லை. அவற்றிலும் பல, யாரும் புழங்காத இலக்கியச் சொற்கள். வெஸ்ட் அரிய சொற்களை எடுத்துவிட்டு அன்றாடச் சொற்களைப் போட்டார். ஏறக்குறைய ஐம்பது சொல்லுக்கு ஒரு புதுச் சொல் என்று இடைவெளி விட்டார். அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து அவர் 1953-இல் வெளியிட்ட பட்டியல் பின்னாளில் உலகெங்கும் எளிய ஆங்கிலக் கதைகளுக்கு அளவுகோலானது. பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொல் தெரிந்திருந்தால்தான் துணையில்லாமல் சுகமாகப் படிக்க முடியும் என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனும் பிற்பாடு சொன்னார். கணக்குப் போட்டால் அதுவும் ஐம்பதுக்கு ஒன்றுதான்.

இது எப்படி வேலை செய்கிறது? இப்படி ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சிறுமி பால் சொம்போடு படியேறுகிறாள். கால் தடுக்கிப் பால் 'ஸ்பில்' ஆகிறது. அம்மா துடைத்துவிட்டு மிச்சத்தை டம்ளரில் ஊற்ற, தம்பியின் முழங்கை இடித்து மறுபடியும் 'ஸ்பில்'. இதைப் பார்த்துச் சிரித்த அப்பாவின் கையிலிருந்த காபியும் 'ஸ்பில்'. அர்த்தத்தை யாரும் சொல்லவில்லை, குழந்தை சொல்லிவிடும். எதைச் சிந்தலாம், யார் சிந்தினார்கள், எந்த இடத்தில் அந்தச் சொல்லைப் போடுவது என்பதும் கூடவே வந்துவிடுகிறது. அகராதி வரிசையில் மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கோ 'ஸ்பில்'லுக்குப் பக்கத்தில் நிற்பது 'ஸ்பைன்'. பாலுக்கும் முதுகெலும்புக்கும் என்ன உறவு?

எளிய கதை என்று அட்டையில் போட்டதெல்லாம் எளிய கதை அல்ல. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் நீதிக்கதைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ராஜா, மந்திரி, முனிவர், பேராசைக்கார வியாபாரி. 'ஹெர்மிட்' தெரிந்த பிள்ளைக்குக் குழாய் ஒழுகுகிறது என்றோ, சில்லறை இல்லை என்றோ ஆங்கிலத்தில் சொல்ல வராது. போதாக்குறைக்கு, கதை முடிந்ததும் நீதி, நீதி முடிந்ததும் கடினச் சொற்களின் பட்டியல். குழந்தை கதையை ரசித்திருந்தால், அந்த ரசனையை அங்கேயே கொன்றுவிடுகிறார்கள்.

நல்ல கதைகள் நிறையக் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிஜித் தீவுகளில் சான்று இருக்கிறது. கிராமப் பள்ளிகளில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்து, தினமும் அரைமணிக்கு மிகாமல் படிக்கவைத்தார்கள். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் 1983-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வழக்கமான பாடமுறையில் படித்தவர்களைவிட இந்தப் பிள்ளைகள் படிப்பதிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வெகுவாக முன்னேறியிருந்தார்கள்.

கதை படித்தால் பேச்சு வந்துவிடுமா என்று கேட்பார்கள். தானாக வராது. ஆசிரியர் வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லே இல்லாதவனிடம் 'தயங்காமல் பேசு' என்று ஊக்கம் கொடுத்து என்ன புண்ணியம்? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகள் பல இந்த இடத்தில்தான் பணத்தை வாங்கிக்கொண்டு கைவிடுகின்றன.

புத்தகத்துக்குப் பஞ்சமும் இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் வாசிப்பு நிலைவாரியாகக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரு மொழியையும் அச்சிட்ட படப்புத்தகங்களைப் போடுகிறது. தமிழில் படித்துக் கதை தெரிந்த பிள்ளை ஆங்கிலத்துக்குப் போகும்போது பாதிப் பயம் போய்விடும்.

பள்ளிக் கல்வித் துறை தமிழில் 'வாசிப்பு இயக்கம்' தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் புத்தகங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அதையே செய்யட்டும். கதைகள் நம் தெருவிலும் சமையலறையிலும் பேருந்திலும் நடக்கட்டும். நான்-டீடெயில் கேள்விகளைப் பொதுத்தேர்விலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பாடவேளையை வெறும் வாசிப்புக்கு விடவேண்டும். அடுத்த பாடத்திட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்காமல், கீழ்வகுப்புகளில் வரும் கல்வியாண்டிலேயே இந்த வாசிப்பு வேளையைத் தொடங்கலாம்.