தலையில் அடிபட்டவனை மறுபடி களத்தில் இறக்காதீர்கள்

சித்திரை, வைகாசித் திருவிழாக்கள் தொடங்கிவிட்டால் திண்டுக்கல் சீமையில் தினமும் ஏதாவது ஓர் ஊரில் ராத்திரிக் கபடி நடக்கும். வேடசந்தூர், வடமதுரை, சாணார்பட்டி, நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் காட்சி ஒன்றுதான். செம்மண்ணைத் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக்கியிருப்பார்கள். சுண்ணாம்புக் கோடு, சவுக்குக் கம்பத்தில் கட்டிய விளக்குகள், மேசை நிறையக் கோப்பைகள், விடிய விடிய மைக்கில் வர்ணனை. ஜெயித்துக்கொண்டே போகிற அணி ஒரே இரவில் நாலைந்து ஆட்டம் ஆட வேண்டியிருக்கும்.

அந்தக் களங்களில் மாறாமல் நடக்கும் இன்னொன்றும் உண்டு. பாடிப் போனவனை மூன்று பேர் சேர்ந்து மடக்கும்போது அவன் பின்மண்டை தரையில் மோதுகிறது. அல்லது காலைப் பிடிக்கப் பாய்ந்தவனின் நெற்றிப்பொட்டில் முழங்கால் இறங்குகிறது. பையன் மல்லாந்து கிடக்கிறான். ஒருவர் ஓடிவந்து முகத்தில் தண்ணீர் அடிக்கிறார். இன்னொருவர் கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்கிறார். “ஒண்ணுமில்லடா, எந்திரி” என்று தூக்கி நிறுத்துகிறார்கள். அவன் தள்ளாடி நிற்கிறான், கூட்டம் கைதட்டுகிறது. இரண்டு ரைடு கழித்து அவனே மறுபடி பாடப் போகிறான்.

இதை அறியாமை என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தலையில் அடிபட்ட ஒருவனை அதே இரவில் திரும்பக் களத்தில் இறக்குவது குற்றம். அதைச் செய்யும் அணி மேலாளரும், பார்த்துக்கொண்டு விசில் ஊதும் நடுவரும், போட்டி நடத்தும் கமிட்டியும் அதில் பங்காளிகள்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறோம்? மண்டை ஓட்டுக்குள் மூளை, குடத்துத் தண்ணீர்போல, உலுக்கினால் உள்ளேயே மோதுகிறது. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாகவே இருந்தாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். அந்த ஆபத்து இளவயதினருக்குத்தான் அதிகம். சிலருக்கு உள்ளே ரத்தம் மெல்லக் கசியும். எழுந்து நடப்பான், பேசுவான், சிரிப்பான். வீட்டுக்குப் போய் “தலை வலிக்குதும்மா” என்று படுப்பான். அசந்து தூங்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்தத் தூக்கத்திலேயே நினைவு தப்பும். வாந்தி, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. திண்டுக்கல்லில் இன்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இதெல்லாம் நடப்பது பெரும்பாலும் நள்ளிரவில், பேருந்து நின்றுபோன ஓர் ஊரில்.

களத்தில் உயிர் போவது நாம் பார்க்காததல்ல. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் பாடப் போன கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சாய்ந்து இறந்தார். அவர் வாங்கிய கோப்பையையும் உடன் வைத்தே அடக்கம் செய்தார்கள். தமிழ்நாடே அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பார்த்துக் கலங்கியது. கலங்கியதோடு விட்டுவிட்டோம்.

உலகத்திலேயே அதிகப் பணம் புரளும் விளையாட்டுகளில் ஒன்றான அமெரிக்கக் கால்பந்தின் கதையை நம் கமிட்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து மோதுவதுதான் ஆட்டம். 2002-ல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற பழைய வீரரின் மூளையைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமலு, அடிமேல் அடி வாங்கிச் சிதைந்த மூளை அது என்று கண்டுபிடித்தார். அதைச் சொன்னவரை அந்த ஆட்டத்தை நடத்தும் லீக் பல வருடம் மறுத்துக்கொண்டே இருந்தது. பிறகு ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குப் போட, இழப்பீடு 100 கோடி டாலரைத் தாண்டியது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, தானமாக வந்த 376 முன்னாள் வீரர்களின் மூளைகளில் 345-ல் அந்தச் சிதைவு இருந்தது. பாதிப்பு இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தானம் செய்திருக்கும் என்பதால் எல்லா வீரருக்கும் இதே விகிதம் என்று சொல்ல முடியாது. அப்படியும் அந்த எண் நெஞ்சைப் பிசைகிறது.

அங்கே தலையில் அடிபட்டவர்களுக்கென்று விதி வந்த பிறகு நடந்தது இன்னும் முக்கியமானது. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி அணியின் டுவா டாகோவைலோவா தலை தரையில் அடிபட்டு எழுந்து, லட்சக்கணக்கானோர் பார்க்கத் தள்ளாடினார். முதுகுவலி என்று காரணம் சொல்லி, அதே ஆட்டத்தில் மறுபடி ஆடவிட்டார்கள். நாலே நாளில் அடுத்த ஆட்டத்தில் தூக்கி அடிக்கப்பட்டு, விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில் போனார். மைதானத்தில் தனி மருத்துவர் இருந்தார், கேமரா இருந்தது, எழுதிவைத்த விதியும் இருந்தது. அத்தனையும் இருந்தும், தள்ளாட்டத்துக்கு வேறு காரணம் சொல்ல இடம் இருந்தது. அக்டோபரில் விதியைத் திருத்தி, தள்ளாடினால் அன்று ஆட்டமே கிடையாது என்று அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

கிரிக்கெட்டும் இதைப் பட்டுத்தான் கற்றது. தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதியை ஐ.சி.சி. 2019 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அந்த மாதமே லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்தில் அடிபட்ட ஆஸ்திரேலியாவின் ஸ்மித், பரிசோதனையில் தேறி மறுபடி பேட் செய்ய வந்தார். மறுநாள் காலையில்தான் அறிகுறி தெரிந்தது. அவருக்குப் பதிலாக லபுஷேன் ஆடினார். மருத்துவர் சோதித்தும் அன்றைக்குப் பிடிபடாத ஒன்றை, முகத்தில் தண்ணீர் அடித்து நாம் எப்படிக் கண்டுபிடிப்போம்?

கபடிக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. களத்தில் ஏழு பேர். வெளியே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மாற்று ஆளுக்குப் புது விதியே தேவையில்லை. வாயைப் பொத்தாதே, கழுத்தை நெரிக்காதே, கத்தரிப்பிடி போடாதே என்று தடை சொல்ல ஏற்கெனவே விதி இருக்கிறது. அடிபட்ட தலையை என்ன செய்வது என்பதுதான் நம் ஊர்க் களத்தில் யாருக்கும் தெரியவில்லை.

“அவனே ஆடறேங்கிறான்” என்பார்கள். அடிபட்ட மூளையிடமே அது நலமா என்று கேட்பது என்ன நியாயம்? பையன் ஆடத்தான் செய்வான். ஊர்ப் பெயர் இருக்கிறது, பரிசுப் பணம் இருக்கிறது, திங்கள்கிழமை மில்லில் ஷிப்டும் இருக்கிறது. அந்த முடிவை அவன் தலையில் கட்டுவது கோழைத்தனம். அடிபட்டுத்தான் ஆட்டம், அதுதான் வீரம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: மணத்தி கணேசன் போன்றவர்கள் ஆசியப் போட்டித் தங்கம் வரை கொண்டுபோன விளையாட்டு இது. அதை ஆட முழு நினைவோடு ஆள் வேண்டும்.

இதே மாவட்டத்தில் நத்தம், சாணார்பட்டிப் பக்கம் ஜல்லிக்கட்டு நடக்கும்போது மருத்துவக் குழு நிற்கிறது, ஆம்புலன்ஸ் நிற்கிறது, மாடுபிடி வீரர்களுக்கு உடல் பரிசோதனை நடக்கிறது, காளைக்கும் நடக்கிறது. சட்டம் வந்ததால் அது வந்தது. கபடிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போகிறார்கள்; சட்டையில் சாதி அடையாளம் கூடாது, கட்சிக் கொடி கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி வருகிறது. நல்ல நிபந்தனைகள்தான். முதலுதவி என்று ஒரு வரி இருக்கும் இடத்திலும் அது பஞ்சும் டிங்சரும் வைத்த ஒரு பெட்டியோடு முடிந்துவிடுகிறது.

மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் அனுமதிக் கடிதத்திலேயே இதை எழுத வேண்டும்: தலையில் அடிபட்டவர் அந்தப் போட்டி முழுவதும் ஆடக் கூடாது. அவரை வெளியேற்றும் அதிகாரம் நடுவருக்கு. மேலாளரோ பரிசு கொடுப்பவரோ அதில் குறுக்கிடக் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை அடுத்த ஊர்ப் போட்டியிலும் அவர் பெயர் வரக் கூடாது. கபடிக் கழகம் நடுவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் அறிகுறிகளை எல்லோரும் கற்றுவிடலாம். ஆம்புலன்ஸுக்குக் காசில்லை என்று சொல்லும் கமிட்டி, முதல் பரிசில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாது என்றால் அந்த வருடம் போட்டி நடத்த வேண்டாம்.