நீரிழிவுக்குக் குறுஞ்செய்தி: பதில் சொல்வது யார்?

நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாயிலில் நிற்பதாகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிதியுதவியுடன் நடந்த ஆய்வு 2023-ஆம் ஆண்டு தெரிவித்தது. இத்தனை பேரையும் மருத்துவர்கள் மாதந்தோறும் நேரில் பார்ப்பது நடவாத காரியம். ஆகவே, செல்பேசியின் துணையை நாடுவதில் தவறில்லை. 2016-இல் மத்திய அரசு தொடங்கிய 'எம்-டயாபடீஸ்' திட்டம் அந்த நோக்கில் பிறந்ததே. குறிப்பிட்ட எண்ணுக்கு 'மிஸ்டு கால்' கொடுத்தால் நீரிழிவு குறித்த குறுஞ்செய்திகள் வந்து சேரும்.

இம்முறைக்குச் சான்றும் உண்டு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்த 537 ஆண்கள் ஈராண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். தொடக்கத்தில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களில் அது 18 சதவீதமே. ஆனால், அவர்கள் அனைவரும் செல்பேசி வைத்திருந்த, பணிக்குச் செல்லும் ஆண்கள் என்பதை மறந்துவிடலாகாது.

2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வில், தாமே பயன்படுத்தும் செல்பேசி தமக்கு உண்டு என்று கூறிய பெண்கள் 54 சதவீதம்; ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம். பாதங்களை நாள்தோறும் கவனியுங்கள் என்று மகனின் செல்பேசிக்கு வரும் செய்தி, தாயின் காலிலுள்ள புண்ணைக் காண்பதில்லை.

அரசின் குரல் எட்டாத இடத்தில் வேறு குரல்கள் ஒலிக்கின்றன. இன்சுலினை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடியுங்கள் என்னும் செய்திகள் வாட்ஸ்ஆப்பில் வீடுதோறும் நுழைகின்றன. நீரிழிவைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. கஷாயமோ கைப்பேசியில் இருக்கிறது! முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும்.

ஒருவழிச் செய்தியால் இதை எதிர்கொள்ள முடியாது. நோயாளி தம் ரத்தச் சர்க்கரை அளவையும் ஐயத்தையும் எழுதினால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் பதிலளிக்க வேண்டும். செல்பேசி இல்லாதவர் வீட்டுக்கு ஆஷா பணியாளர் செல்ல வேண்டும். அதற்குரிய ஊதியமும் அவருக்குத் தரப்பட வேண்டும். சர்க்கரையை அளக்கும் பட்டைகளை விலை கொடுத்து வாங்க இயலாதவரிடம் சுயப் பராமரிப்பு பற்றிப் பேசுவதில் என்ன பொருள்? செய்தி அனுப்ப நிதி ஒதுக்கும் தில்லி, அப்பட்டைகளுக்கும் இன்சுலினுக்கும் சேர்த்தே ஒதுக்கட்டும்.